வந்த காரணம்

'ஏரி வியூ லாட்ஜ்' பலகையில்
ஏகாரத்தின் கால் உதிர்ந்து
'எரி வியூ' என்று நின்றது.
லால்பேட்டைக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே
நான் இறங்கியது அதைப் பார்த்துத்தான்.
சொன்னால் யார் நம்புவார்கள்.

ஜைனுலாப்தீன் ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்தார்.
பெயர், அபயாம்பாள்.
ஊர், குத்தாலம். வயது, ஐம்பத்திரண்டு.
வேலை, தாலுகா ஆபீசில் நில அளவை வரைவாளர்.
'வந்த காரணம்' என்ற கட்டத்தில்
பேனா நின்றுவிட்டது.

"கல்யாணமா?"
இல்லை.
"ஆஸ்பத்திரியில யாரும்?"
இல்லை.
"கோர்ட்டு? வேண்டுதல்?"
சும்மா வந்தேன் என்றேன்.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
என் பையைப் பார்த்தார்,
பின்னால் யாரும் ஏறி வருகிறார்களா என்று
படியைப் பார்த்தார்,
பிறகு பேனாவை வாங்கி அவரே
'சும்மா' என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

மாடியறைச் சுவர் முழுக்க இத்தாலி.
ஏரி, ஏரியைச் சுற்றி மலை,
மலையின் காலடியில் ஆரஞ்சு வீடுகள்,
படித்துறையில் கட்டிய வெள்ளைப் படகு,
குடை விரித்த மேஜைகளில்
அவசரமில்லாத மனிதர்கள்.
உச்சியில் ஸ்விட்ச் பெட்டி.
விசிறி போடப் பனியைத் தொட வேண்டும்.

முப்பது வருஷமாய் நான் வரைந்ததெல்லாம்
வரப்பு, வாய்க்கால், உட்பிரிவு,
அண்ணன் தம்பி பாகம் பிரித்த கோடு.
எங்கள் பக்கத்து நிலத்துக்கு
நீளம் உண்டு, அகலம் உண்டு, வழக்கு உண்டு.
உயரம் என்று ஒரு கேள்வியே வந்ததில்லை.

சாயங்காலம் கரைமேல் நடந்தேன்.
வடவாறு கொண்டுவந்து விட்ட தண்ணீர்,
இங்கே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுக்
குழாயேறிச் சென்னை போகும் தண்ணீர்.
நானும் உட்கார்ந்தேன்.
அரைமணியில் மூன்று பேர் கேட்டார்கள்,
"பஸ்ஸுக்கா?"
ஒருவர் பைக்கை நிறுத்தி,
சேத்தியாத்தோப்பில் இறக்கிவிடவா என்றார்.
கெண்டை வறுத்து விற்றவள் மட்டும்
ஒன்றும் கேட்கவில்லை.
இன்னொரு துண்டு வைத்தாள்,
காசுக்குத்தான்.

இருட்டுகிற நேரம் அவரிடமிருந்து போன்.
"எங்க இருக்க?"
இத்தாலியில்.
"சிக்னல் விட்டு விட்டு வருது. எங்க?"
வீராணத்தில்.
"அங்க என்ன?"
தண்ணி.
கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை.
"நெறய கெடக்கா?"
நாற்பத்தஞ்சு அடி இருக்கும்.
"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

ராத்திரி மழை.
விடியும்போது இத்தாலியின் இடது மூலை
கழன்று தொங்கியது,
நாலைந்து வீடுகளோடும் படகோடும்.
டீ கொண்டுவந்த பையன் சொன்னான்,
"ஓதத்துக்கு ஒட்டுனதுக்கா அது.
பின்னால செவுரு ஊறிக் கெடக்கு."

அவன் போனதும் தூக்கிப் பார்த்தேன்.
ஒரு கறை.
அதைச் சுற்றி இன்னொன்று,
அதைச் சுற்றி இன்னொன்று,
ஒவ்வொரு மழைக்காலமும்
தான் ஏறிய மட்டத்தில்
பழுப்புக் கோடு இழுத்துவிட்டு இறங்கியிருந்தது.
ஒன்றையொன்று வெட்டாத கோடுகள்.
ஒரு பக்கம் நெருங்கி, அது செங்குத்து.
ஒரு பக்கம் அகன்று, அது சரிவு,
ஆடு மேயலாம், வண்டி ஏறலாம்.

சமவுயரக் கோடுகள்.
பயிற்சியில் மூன்று நாள் சொல்லித்தந்தார்கள்,
பரீட்சையில் ஆறு மார்க்.
தஞ்சாவூர் ஜில்லாக்காரிக்கு எதற்கு என்று
அன்றைக்கே மறந்துபோனது.

பையிலிருந்து பென்சிலை எடுத்தேன்.
எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்த கோட்டில்
சின்னதாய் ஒரு புள்ளி,
பக்கத்தில் ஓர் எண்.
எவ்வளவு என்று சொல்லமாட்டேன்,
கொஞ்சம் கூட்டித்தான் போட்டேன்.

கீழே ஹாரன் அடித்துக்கொண்டு
எட்டு மணி வண்டி நின்றது,
நின்று பார்த்தது, போய்விட்டது.
நான் இன்னும் பல்கூடத் தேய்க்கவில்லை.